ஒரு வாயா, மூன்று வாயா?

பொத்தேரி ரயில் நிலையத்தைச் சுற்றி வாடகை அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்கள் ஏராளம். பக்கத்திலேயே எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம். பத்துக்குப் பத்து அறை, இரண்டு கட்டில், ஒரு மேஜை, ஜன்னல் வழியே மின்சார ரயிலின் சத்தம். அதை அமுக்குகிற மாதிரி பாட்டு கேட்க ஒரு ஸ்பீக்கர் வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தால், கடைக்காரர் கேட்கிற முதல் கேள்வி: "சிங்கிளா, டூ வேயா, த்ரீ வேயா தம்பி?"

சட்டென்று பதில் வராது. ஒன்றைவிட மூன்று பெரிசு என்ற கணக்கு மட்டும்தான் கைவசம். கடைக்காரருக்கும் அந்தக் கணக்குதான் பிடிக்கும்!

இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருஷத்துச் சண்டை ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது பர்ஸுக்கு நல்லது.

முதலில், எதற்காகச் சண்டை?

ஒலி என்பது காற்றின் நடுக்கம். மனிதக் காதுக்கு நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும் (வயசாக ஆக மேல்பக்கம் குறைந்துகொண்டே வரும்). 50 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் சுமார் 7 மீட்டர். 10,000 அதிர்வுள்ள ஒலிக்கோ மூன்றரை சென்டிமீட்டர்தான். முன்னதைக் கிளப்ப வண்டி வண்டியாகக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கூம்பு தேவை. பின்னதற்கு எடையே இல்லாத, படபடவென்று அடிக்கிற சின்ன உறுப்பு போதும். ஒன்று யானை வேலை, மற்றது சிட்டுக்குருவி வேலை. இரண்டையும் ஒரே ஜீவனிடம் கொடுக்கலாமா, அல்லது தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டுமா? இதுதான் வழக்கு.

1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பேர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச் சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் ஏறி இறங்கினால் கூம்பு முன்னும் பின்னும் ஆடும், காற்று அதிரும், பாட்டு கேட்கும். அவ்வளவுதான். இன்று கடைகளில் இருக்கிற ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை இவர்கள் போட்ட பாதையில்தான் போகின்றன.

அவர்கள் கூம்பு ஒற்றைக் கூம்பு. அன்றைக்கு அதுவே ஏகபோகம். காரணம் இரண்டு. அந்தக் கால வால்வு ஆம்ப்ளிஃபயர் கொடுத்தது ஒன்றிரண்டு வாட்டிலிருந்து சில வாட் வரைதான். அதைப் பங்கு போட்டு வீணாக்க யாருக்கும் மனசு வராது. இரண்டாவது, ரேடியோவிலும் இசைத்தட்டிலும் உச்ச ஸ்தாயி ஒலிகள் அதிகம் வந்ததே இல்லை. குருவிக்கு வேலையே இல்லாதபோது குருவி எதற்கு?

பிரிவினை வந்தது வீட்டில் அல்ல, சினிமாக் கொட்டகையில். 1933-ல் பெல் ஆய்வுக்கூடத்தினர் ஃபிலடெல்ஃபியாவில் வாசிக்கப்பட்ட இசையைத் தொலைபேசிக் கம்பி வழியே வாஷிங்டனில் ஓர் அரங்கத்துக்குக் கொண்டுபோய் ஒலிக்கச் செய்தார்கள். அப்போது கீழ் ஒலிக்கும் மேல் ஒலிக்கும் தனித்தனிக் குழல்களை வைத்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் உட்காரும் அரங்கை ஒற்றைக் கூம்பால் நிரப்ப முடியாது. அடுத்து எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் ஒலித்துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர் (நடிகை நார்மா ஷியரரின் அண்ணன்) தலைமையில் தியேட்டர்களுக்கென்று ஓர் 'இருவழி' ஸ்பீக்கர் உருவானது. 1937-ல் அதற்கு ஆஸ்கரின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

இதில் ஒரு சுவாரசியமான கதை சொல்வார்கள். இருவழி ஸ்பீக்கரில் எலினார் பவல் என்ற நடிகையின் டாப் டான்ஸைப் போட்டுக் கேட்டபோது, அவர் ஷூவை ஒரு முறை தட்டினால் இரண்டு முறை கேட்டதாம்! ஆவி வேலை எல்லாம் இல்லை. கீழ் ஒலி வந்த குழல் நீளம். மேல் ஒலி வந்த குழல் குட்டை. ஓர் அடி தூரம் கடக்க ஒலிக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்ட் ஆகும். ஆகவே ஒரே தட்டு, சில அடி வித்தியாசத்தில், இரண்டு தவணையாக வந்து சேர்ந்தது. குழல்களின் நீள வித்தியாசத்தைக் குறைத்துத்தான் சரிசெய்தார்கள்.

பல வாய் ஸ்பீக்கரின் அடிப்படைப் பிரச்னை இந்தக் கதையில் அப்படியே இருக்கிறது. ஒரு குரலை இரண்டாக வெட்டினால், திரும்ப ஒட்ட வேண்டும். வெட்டும் வேலையைச் செய்வது 'கிராஸ்ஓவர்' என்ற சின்னச் சுற்று. காயில் மேல் ஒலியைத் தடுக்கும், கெப்பாசிட்டர் கீழ் ஒலியைத் தடுக்கும். வழக்கமாக இந்த வெட்டு விழுவது 2,000-லிருந்து 3,000 அதிர்வுக்குள். நம் காது ரொம்பக் கூர்மையாக இருப்பதும் சுமாராக அந்த இடத்தில்தான்! தையல் சரியில்லை என்றால் சட்டென்று தெரிந்துவிடும்.

அதற்காக ஒற்றை வாய் உத்தமன் என்று அர்த்தமில்லை. ஒரே கூம்பு பெரிய வீச்சில் ஆடியபடியே மெல்லிய ஒலியையும் எழுப்பினால், ஆடும் ஊஞ்சலில் உட்கார்ந்து எழுதுகிற கதைதான். எழுத்து கோணும். தவிர, கூம்பு அகலமாக இருந்தால் மேல் ஒலிகள் டார்ச் வெளிச்சம் போல நேராக மட்டும் பாயும். நடுவில் உட்கார்ந்தவருக்கு சங்கீதம், ஓரத்தில் இருப்பவருக்குப் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி. இதற்கு இங்கிலாந்தில் பால் வாய்ட் என்பவர் 1930-களில் ஒரு வழி செய்தார். பெரிய கூம்பின் நடுவே ஒரு குட்டிக் கூம்பை ஒட்டினார். 'இரட்டைக் கூம்பு' என்ற அந்த யுக்தி பின்னால் பிலிப்ஸ் உட்படப் பல கம்பெனிகளின் ஸ்பீக்கர்களில் வந்தது.

வீடுகளில் கட்சி மாறியது ஆம்ப்ளிஃபயரால்தான். வாட் மலிவாகிவிட்டது. 1954-ல் எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர், காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் வூஃபரை அடைத்து, உள்ளே சிக்கிய காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். பெட்டி சின்னது, தாழ்ந்த ஒலி பெரியது! ஒரே குறை, அது வாட்டைக் குடிக்கும். குடித்தால் என்ன, அதான் மலிவாச்சே! அதன் பிறகு அலமாரியில் வைக்கிற டூ வே, த்ரீ வே பெட்டிகளின் ராஜ்யம். 1970-களில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வேன்களுக்காக ஓர் அடி உயரமே உள்ள எல்.எஸ். 3/5ஏ என்ற இருவழிப் பெட்டியை வடிவமைத்தது. வேனுக்குள் உட்கார்ந்து, பேச்சுக் குரலைக் கிட்டத்தில் வைத்துச் சோதிக்க. இன்றும் ரசிகர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

ஒற்றைக் கட்சியிலும் ஒரு கலகக்காரர் இருந்தார், அதுவும் நம்மவர். கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷாருக்குத் தப்பி அமெரிக்கா போன நோனி கோபால் போஸின் மகன் அமர் போஸ். 1968-ல் அவர் கொண்டுவந்த 901 என்ற ஸ்பீக்கரில் வூஃபரும் கிடையாது, ட்வீட்டரும் கிடையாது, கிராஸ்ஓவரும் கிடையாது. ஒரே மாதிரி ஒன்பது சின்னக் கூம்புகள். ஒன்று நம்மைப் பார்க்கும், மற்ற எட்டும் சுவரைப் பார்க்கும்! கச்சேரி அரங்கில் நம் காதுக்கு வருவது பெரும்பாலும் எதிரொலிதான் என்பது அவர் வாதம். பாராட்டும் திட்டும் சமமாக வாங்கிக்கொண்டு 2016 வரை அது விற்பனையில் இருந்தது.

அங்கே இத்தனை கூத்து நடக்கும்போது நம் ஊரில்?

1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. மர்ஃபி, பிலிப்ஸ், எச்.எம்.வி. என்று நடுக்கூடத்தில் வீற்றிருந்த வால்வு ரேடியோக்களில் பெரும்பாலும் துணித்திரைக்குப் பின்னால் ஒரே ஒரு கூம்புதான். மீடியம் வேவில் 5,000 அதிர்வுக்கு மேல் பெரிதாக எதுவும் வராது. ஆனால் மனிதக் குரலின் சாரம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். நம் சங்கீதம் குரலை நம்பியது. வயலினும் வீணையும்கூடக் குரலைத்தான் பின்தொடரும். ஆகவே, ஒற்றைக் கூம்பில் கேட்டே மூன்று தலைமுறை ராகம் கண்டுபிடித்துவிட்டது.

டீக்கடைக்காரர்களும் சலூன்காரர்களும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கையில் இருப்பது மொட்டை ஸ்பீக்கர். அப்படியே மேஜையில் வைத்துப் பாட விட்டால் கீச்சுக் கீச்சு என்று தகர டப்பா மாதிரிக் கத்தும். ஏன்? கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த ஒலிகளில் முன்னலையும் பின்னலையும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். பின்னலையை எங்காவது சிறை வைக்க வேண்டும். மரப்பெட்டிக்குக் காசு ஏது? ஒரு மண்பானையை எடுத்து, அதன் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினார்கள். 'கும்'மென்று தபேலா கேட்க ஆரம்பித்துவிட்டது!

இதைச் சும்மா சிக்கன யோசனை என்று ஒதுக்க முடியாது. சுட்ட மண் கனமும் விறைப்பும் உள்ளது. பானையின் உட்புறம் வளைவு. எதிரெதிர் சமச் சுவர்கள் இல்லாததால், சதுரப் பெட்டிக்குள் உண்டாகிற சில வேண்டாத முழக்கங்கள் இதில் குறையும். பெட்டியின் மூலைகளை மழிக்க வெளிநாட்டு வடிவமைப்பாளர்கள் மெனக்கெடுகிறார்கள். குயவர் அதை முன்பே செய்துவிட்டார். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், நாடக அரங்குகளில் ஒலிக்குத் துணையாக வெண்கலப் பாத்திரங்களை எங்கெங்கே வைக்க வேண்டும் என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். டீக்கடைக்காரர் அவரைப் படித்ததில்லை. தேவை படிக்க வைத்தது.

1977 ஜூலை 23-ல் இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு சென்னையில் தொடங்கியது. 15,000 அதிர்வு வரை கொண்டுவரக்கூடிய ஒலிபரப்பு. அடுத்த வருஷமே இளையராஜாவின் 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் வந்தன. மேலே ஹை-ஹாட்டின் சிலுசிலுப்பு, கீழே பேஸ் கிட்டாரின் நடை. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 அதிர்வு. நாலு அங்குல ஒற்றைக் கூம்பு அதைத் தொடவே முடியாது. ரேடியோவில் கேட்ட பாட்டுக்குக் காலும் இருக்கிறது, கிரீடமும் இருக்கிறது என்று தமிழ்நாட்டுக்குத் தெரியவந்தது. குருவிக்கும் யானைக்கும் இப்போதுதான் உண்மையான வேலை.

வேலை வந்தால் போலியும் வரும். தொண்ணூறுகளில் 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் நினைவிருக்கலாம். வீட்டு ஃபியூஸ் தாங்குகிற கணக்கே இல்லை! சில மலிவுப் பெட்டிகளில் மூன்று வட்டம் தெரியும், கழற்றிப் பார்த்தால் ஒன்று வெறும் பிளாஸ்டிக் அலங்காரம். இன்னும் சிலவற்றில் ட்வீட்டருக்கு ஒரே ஒரு கெப்பாசிட்டர், வூஃபருக்கு ஒன்றுமே கிடையாது. பெயர் மட்டும் டூ வே. இதற்கு நேர்மையான ஒற்றைக் கூம்பு எவ்வளவோ தேவலை.

ஆக, ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஓர் இடத்துக்கான பதில். ஷியரருக்குத் தியேட்டர், பி.பி.சி.க்கு வேன், டீக்கடைக்காரருக்குப் பெஞ்சு. வாயை எண்ணுவதற்கு முன் உங்கள் அறையை அளக்க வேண்டும்.

பத்தடி அறையில் ஸ்பீக்கருக்கு நாலடி தூரத்தில்தான் உட்கார முடியும். அங்கே ஆளுயர த்ரீ வே டவரை வைத்தால், மூன்று வாயும் ஒன்றாகச் சேர்வதற்குள் ஒலி காதுக்கு வந்துவிடும். பாடகரின் வயிறு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்! போதாததற்கு, பத்தடிச் சுவர்களுக்கு இடையே 56 அதிர்வுக்குப் பக்கத்தில் அறையே தன்பாட்டுக்கு முழங்கும். அங்கே நல்ல சின்ன டூ வே ஒரு ஜோடி, அல்லது கர்நாடக சங்கீதமும் பழைய பாட்டும்தான் கேட்பேன் என்றால் நல்ல பெட்டியில் அடைத்த ஒற்றைக் கூம்பு, தாராளமாகப் போதும். எட்டு பத்து அடி தள்ளி உட்கார இடமுள்ள கூடம், சத்தமாக ரஹ்மானும் ராக்கும் வேண்டும் என்றால் த்ரீ வேக்குக் காசு கொடுக்கலாம்.

கடையில் ஒன்று செய்யுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டைக் கொண்டுபோங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். சற்றே உரக்கப் பாடுவதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். குரல் ஒரே ஆளிடமிருந்து வருகிறதா என்று முதலில் கவனியுங்கள். தாழ்ந்த ஒலி, உச்ச ஒலி எல்லாம் அப்புறம். இரண்டடி நகர்ந்து நின்றும் கேளுங்கள்.

எதுவும் சரிப்படவில்லையா? இருக்கவே இருக்கிறது இயர்போன். அதில் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிக் கூம்புதான். அறை முழுக்கக் காற்றைத் தள்ள வேண்டாம், காதுத் துளைக்குள் இருக்கிற துளிக் காற்று போதும் என்பதால் யானையும் குருவியும் அங்கே சமாதானமாகக் குடித்தனம் நடத்துகின்றன. பக்கத்துக் கட்டில்காரருக்கும் தூக்கம் கெடாது.