காந்தம் சொன்ன எச்சரிக்கை

எஞ்சினுக்குள் இரும்புப் பாகங்கள் உரசும்போது உதிரும் துகள்கள் ஆயிலில் கலக்கின்றன. அவற்றைப் பிடிக்கவே பல வாகனங்களின் டிரெயின் போல்ட்டில் காந்தம் வைக்கிறார்கள். மெல்லிய தூள் ஒட்டினால் சாதாரணத் தேய்மானம். செதில் ஒட்டினால் உள்ளே ஏதோ உடைகிறது!

ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் ஆயிலிலும் இதே முறைதான். 2009 மார்ச் 25 அன்று ஸ்காட்லாந்தில் ஒரு சூப்பர் பூமாவின் காந்தத்தில் உலோகத் துகள் ஒன்று கிடைத்தது. அது எந்தப் பாகத்திலிருந்து வந்தது என்று சரியாகக் கண்டறியப்படவில்லை. அதன்பின் சுமார் 36 மணி நேரமே பறந்த அந்த ஹெலிகாப்டர், ஏப்ரல் 1-ல் கியர்பாக்ஸ் உடைந்து வட கடலில் விழுந்தது. 16 பேரும் இறந்தனர்.

கியர்பாக்ஸுக்குள் துகள்களைப் பிடிக்க வைத்திருந்த வேறொரு காந்த வளையமே, அவை எச்சரிக்கைக் காந்தத்தைச் சேரும் வாய்ப்பைக் குறைத்தது என்றது விசாரணை. அந்த வளையக் காந்தங்கள் பின்னர் அகற்றப்பட்டன.

ஆயில் மாற்றும்போது போல்ட்டைத் துடைக்கும் முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள்!