மஞ்சப்பை: ஏளனச் சொல்லும் அரசின் கொள்கையும்

திருமண வீடுகளில் தாம்பூலத்துடன் வழங்கப்பெற்ற மஞ்சப்பை மங்கலத்தின் அடையாளமாகும். நகர வழக்கில் அச்சொல்லே நாட்டுப்புறத்தாரை இகழும் சொல்லாகவும் ஆயிற்று. எனவே, துணிப்பை வழக்கு அருகியமைக்கு நெகிழிப்பையின் மலிவு மட்டுமன்றி, மஞ்சப்பையைச் சுமப்போர் கொண்ட கூச்சமும் காரணம் எனக் கருதலாம்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை விதித்தது. சட்டம் பொருளைத் தடுக்கலாம். கூச்சத்தைப் போக்க இயலாது. 2021 திசம்பர் 23 அன்று தொடங்கப்பெற்ற 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் இகழப்பட்ட பெயரையே தனதாக்கிக்கொண்டது. இதுவே அதன் வரலாற்றுச் சிறப்பு.

எனினும், பெயர் மீட்சி பழக்கத்தின் மீட்சி ஆகிவிடாது. துவைத்து மீண்டும் எடுத்துச் செல்லப்படாத துணிப்பையும் ஒருமுறைப் பொருளே. முன்னோர் வழக்கில் மஞ்சப்பையின் மதிப்பு அதன் நிறத்தில் அன்று, நீடித்த பயன்பாட்டிலேயே இருந்தது.