கூத்தும் கூட்டுப் படைப்பும்



ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஊர் கூடித் தேரை இழுத்துவிடலாம். ஆனால் அந்தத் தேரை எப்படிச் செய்வது என்பதையும் ஊர் கூடித் தீர்மானிக்க முடியுமா? வடம் பிடிப்போருக்குத் திசை ஒன்றே. வடிவம் சமைப்போருக்கோ ஆளுக்கொரு கருத்து. பலர் சேர்ந்து ஒரு கலைப்படைப்பை ஆக்கும்போது எழுகின்ற இச்சிக்கலை நமது கூத்து மரபு எவ்வாறு கையாண்டது என்பதை இன்று நோக்குவோம்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை வணங்கும் எமது முல்லைத்தீவு மண்ணுக்குக் கோவலன் கூத்து நெருக்கமானது. ஒரு கூத்து மேடையேற ஆடுவோர், பிற்பாட்டுக்காரர், மத்தளகாரர், உடுப்புக் கட்டுவோர், களரி அமைப்போர் என எத்தனையோ பேர் வேண்டும். அத்தனை பேரையும் இணைத்து வைத்தவர் அண்ணாவியார். அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால், உண்மை அவ்வளவு எளிதன்று.

மட்டக்களப்புக் கூத்து மரபில் இதற்கெனப் பல படிகள் உண்டு. முதலில் சட்டங் கொடுத்தல். பாத்திரத்துக்கு உரியவரைத் தெரிந்து, அவரது பாடல்களைக் கையில் கொடுப்பது. அதன்பின் கிழமைக் கூத்து. அடுத்தது சதங்கை அணிதல். பின்னர் முழுக்கூத்தையும் ஆடிச் சரிபார்க்கும் அடுக்குப் பார்த்தல். இறுதியில் அரங்கேற்றம். இப்படிகள் வெறும் சடங்குகள் அல்ல. பழகும் காலத்திலேயே ஊரார் பார்க்கிறார்கள், குறை சொல்கிறார்கள். களரியில் நிற்கும்போது அண்ணாவியாரின் தாளமே முடிவு. யார், எப்போது பேசலாம். யாருடைய சொல், எப்போது நிலைக்கும் என்ற ஒழுங்கு அங்கே இருந்தது. அந்த ஒழுங்கே நூறு கைகளை ஒரு கையாக்கியது.

இவ்வொழுங்கு பெரும் சோதனைக்கு உள்ளானது 1960களில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1956இல், பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாடகமரபைக் கொண்டு 'மனமே'யை மேடையேற்றியிருந்தார். தமிழிலும் அவ்வாறானதொரு முயற்சியைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் முன்னெடுத்தார். 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 1968இல் 'வாலி வதை' எனக் கூத்துகள் மேடை கண்டன. 'இராவணேசன்' எழுதியவர் சி. மௌனகுரு.

விடிய விடிய ஆடும் கூத்து இங்கே ஓரிரு மணித்தியாலங்களுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாயிற்று. களரியின் நடுவே நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தனர். எந்தப் பாட்டை விடுவது, எந்த ஆட்டத்தைச் சுருக்குவது? தலைமுறையாய்க் கற்ற அண்ணாவியாருக்கு ஒரு நியாயம். நகர மேடையை அறிந்த பேராசிரியருக்கு இன்னொரு நியாயம். ஒரு பிற்பாட்டைக் குறைத்தால் ஆடுவோன் மூச்செடுக்கும் இடமும் குறைகிறது. வடிவத்தில் ஒன்றை அசைத்தால் மற்றொன்றும் அசையும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா?

அம்முயற்சியால் விளைந்த நன்மை பெரிது. படித்தோர் கூத்தைக் கலையென மதித்தனர். ஆனால் தீர்மானிக்கும் இடம் ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பெயர்ந்தது என்ற விமர்சனமும் பின்னர் எழுந்தது. 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கரும் ஊரவரும் 'கூத்து மீளுருவாக்கம்' என்ற முயற்சியில் இறங்கினர். பெண்பாத்திரங்களை எப்படிக் காட்டுவது, பழைய கதையில் இன்றைக்கு ஒவ்வாதது எது என்பனவற்றை ஆடுவோரே பேசி முடிவுசெய்ய வேண்டும் என்பது அதன் நோக்கு. பேராதனை அழகிய விளைவைத் தேடியது. சீலாமுனையோ அவ்விளைவுக்கு முன் நிகழும் பேச்சைத் தேடியது. முன்னதில் வேகம் உண்டு. பின்னதில் காலம் செல்லும், சச்சரவும் வரும். ஆனால் முடிவில் அந்தக் கூத்து யாருடையது என்ற கேள்வி எழாது.

இவ்விரண்டும் எமக்கு வேண்டிய பாடங்களே. பாடசாலைத் தமிழ்த் தினப் போட்டிக்கு முப்பது பிள்ளைகளைக் கொண்டு நாடகம் பழக்கும்போது, எல்லாவற்றையும் ஆசிரியர் ஒருவரே தீர்மானித்துவிடுவது பல இடங்களில் காணும் வழக்கம். மேடையில் பிசகு வராது, பரிசும் கிடைக்கலாம். ஆனால் ஏன் இப்படி ஆடுகிறோம் என்று கேட்டால் பிள்ளைக்குப் பதில் தெரியாது. பதில் தெரியாத பிள்ளை நாளை அதனை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் மாட்டாது.

முல்லைத்தீவில் இது வெறும் கலை விவாதம் அன்று. 2009 வரையான போரில் முழு மாவட்டமும் இடம்பெயர்ந்தது. வீடுகளோடு கொப்பிகளும் போயின. பாடத் தெரிந்த குரல்கள் பலவும் போயின. இனி ஒரு கூத்தை எழுப்புவதென்றால் ஒருவரின் நினைவு போதாது. ஒருவருக்கு மெட்டு நினைவிருக்கும், மற்றொருவருக்கு வரி. இன்னொருவருக்கு ஆட்டத்தின் அடி மட்டும். இவை ஒன்றோடொன்று முரண்படவும் கூடும். அம்முரணை அடக்குவதற்கு முன் எல்லோரும் பேசுவதற்கு ஒரு கிழமைக் கூத்து வேண்டும். பேசி முடிந்தபின் எல்லோரும் ஏற்கும் ஒரு தாளமும் வேண்டும்.

பேச்சு இல்லாத தாளம் ஆணையாகிவிடும். தாளம் இல்லாத பேச்சு இரைச்சலாகிவிடும். இரண்டுக்கும் இடம் வைத்திருந்தமையே எம் முன்னோரின் களரி நுட்பம். கூத்தை மீட்க முனைவோர் பாடல்களோடு இந்த நுட்பத்தையும் சேர்த்தே மீட்க வேண்டும்.