கடைசி வயலுக்கும் தண்ணீர்: பட்டிப்பளை ஆற்றுப் பாசன வரலாறு சொல்லும் பாடம்

மதீனாவின் ஹர்ரா பகுதியில் ஓடிவந்த தண்ணீர் தொடர்பாக ஸுபைர் (ரழி) அவர்களுக்கும் அன்ஸாரிகளில் ஒருவருக்கும் பிணக்கு ஏற்பட்டது. ஸுபைரின் தோட்டம் மேலே, மற்றவருடையது கீழே. விடயம் நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, ஸுபைர் முதலில் பாய்ச்சிவிட்டுப் பிறகு அண்டைத் தோட்டத்துக்குத் தண்ணீரை விட வேண்டும் என்றார்கள். மஹ்ஸூர் என்ற ஓடை விடயத்தில் இன்னும் தெளிவான தீர்ப்பு உண்டு. மேலே உள்ளவர் கரண்டைக்கால் அளவுக்குத் தண்ணீரை நிறுத்தலாம். அதற்கு மேல் கீழே உள்ளவருக்கு விட்டுவிட வேண்டும். மேலே உள்ளவருக்கு முதல் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமைக்கு ஓர் அளவும் உண்டு.

நாட்டில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்ற பேச்சு எழும்போதெல்லாம், இந்த அளவைப் பற்றி நாம் பேசுவதில்லை. மழை குறைந்துவிட்டது, குளம் வற்றிவிட்டது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இலங்கையில் எடுத்துப் பயன்படுத்தும் நன்னீரில் பத்தில் எட்டுப் பங்குக்கும் அதிகமானது விவசாயத்துக்கே போகிறது. ஆகவே தட்டுப்பாட்டுக்கு விடை தேடுவோர் முதலில் வாய்க்கால் ஓரத்துக்குத்தான் வர வேண்டும்.

அம்பாறைக் கரையோரத்தில் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று மக்களுக்கு வாய்க்கால் புதிதல்ல. கல்லோயா என்று இன்று அழைக்கப்படும் பட்டிப்பளை ஆறும் அதனோடு சேர்ந்த குளங்களும் நெடுங்காலமாக இங்குள்ள வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்தன. அந்தத் தண்ணீரைப் பங்கிட ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு வட்டை விதானை இருந்தார். எந்த மடையை எப்போது திறப்பது, யார் எவ்வளவு வாய்க்கால் வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கூலியாக விளைச்சலில் ஒரு பங்கு நெல் கிடைத்தது. ஆங்கிலேயர் 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் மூலம் இத்தகைய பழைய வழமைகளுக்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். விதானைமார் எல்லோரும் நீதிமான்கள் என்று சொல்ல வரவில்லை. போடியார் பக்கம் சாய்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் தண்ணி வரல்லையென்றால் யாரிடம் போய்க் கேட்பது என்று கடைசி வயற்காரனுக்கும் தெரிந்திருந்தது.

1949 இல் டி.எஸ். சேனாநாயக்க அரசாங்கம் கல்லோயாத் திட்டத்தைத் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் உருவானது. மேலே புதிய குடியேற்றங்கள் வந்தன. கீழே பழைய தமிழ், முஸ்லிம் ஊர்கள் இருந்தன. காணி பற்றியும் குடிப்பரம்பல் பற்றியும் எழுந்த மனக்குறைகள் இன்றும் ஆறவில்லை. அது தனியாக எழுதப்பட வேண்டிய விடயம். தண்ணீரைப் பொறுத்தவரை நடந்தது இதுதான்: மடையின் சாவி ஊரிலிருந்து திணைக்களத்துக்குப் போனது. 1958 இன் நெற்காணிச் சட்டத்தோடு விதானை முறையும் ஒழிந்து பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன.

எழுபதுகளின் இறுதியில் இடதுகரை வாய்க்காலின் நிலை மோசமாகியிருந்தது. கதவுகள் உடைந்து, வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. மேலே உள்ள வயல்களில் தண்ணீர் ததும்ப, சிறுபோகத்தில் கடைசி வயல்களுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. இரவில் மண்வெட்டியோடு வாய்க்காலைக் காவல் காப்பதே கடைவட்டைக்காரனின் தொழிலாகிவிட்டது.

இந்த நிலையில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1981 இல் ஒரு முயற்சியில் இறங்கின. இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்குப் போய்த் தங்கினார்கள். ஒரே கிளை வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் விவசாயிகள் சிறு சிறு குழுக்களாகக் கூடினார்கள். அந்த ஆண்டுச் சிறுபோகத்தின் தொடக்கத்தில் சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. குறைந்த தண்ணீருக்குச் சண்டைதான் வரும் என்று யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. விவசாயிகள் தாங்களே இறங்கி வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள். முறை வைத்துப் பாய்ச்சினார்கள். மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். மேலே சிங்கள விவசாயி, கீழே தமிழ் பேசும் விவசாயி என்ற வேறுபாடு அதைத் தடுக்கவில்லை. இந்த அனுபவத்தை நோர்மன் அப்ஹொஃப் 1992 இல் ஒரு நூலாகவே எழுதினார்.

இது ஒரு போகத்தோடு முடிந்த கதையுமல்ல. 1997 சிறுபோகத்தில் 15,000 ஏக்கருக்கு மட்டுமே தண்ணீர் போதும் என்று அதிகாரிகள் கணித்தார்கள். விவசாய அமைப்புகள் அதை ஏற்கவில்லை. இருக்கிற தண்ணியைத் தாங்க, நாங்கள் பங்கிட்டுக்கொள்கிறோம் என்று நின்று, சுமார் 65,000 ஏக்கர் செய்கை பண்ணி நல்ல விளைச்சலும் எடுத்தார்கள். நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

ஒரு சொட்டு மழை கூடுதலாகப் பெய்யவில்லை. புதிய அணையும் கட்டப்படவில்லை. கூடியது ஒருவர் மீது ஒருவர் வைத்த நம்பிக்கையும், பங்கீட்டு ஒழுங்கும்தான். தட்டுப்பாட்டின் ஒரு பகுதி வானத்திலிருந்து வருகிறது. பெரிய பகுதி நமது மடைகளில் உருவாகிறது.

இன்று நம்மவர்கள் செய்யக்கூடியவை சிலவுண்டு. போக ஆரம்பக் கூட்டத்தை அதிகாரிகளுக்கும் தலைவர்களுக்கும் விட்டுவிடாமல் சாதாரண வயற்காரரும் போய்ப் பேச வேண்டும். அங்கே எடுத்த விதைப்புத் திகதியை மதிக்க வேண்டும். ஆளுக்கொரு நாளில் விதைத்தால் வாய்க்கால் ஒரு மாதம் கூடுதலாக ஓட வேண்டிவரும். தண்ணீர் குறைந்த போகத்தில் மூன்று மாத நெல்லே பொருத்தம். ஊர்ப் பள்ளிவாசல்கள் வுழுச் செய்யும் தண்ணீரில் வீண்விரயம் கூடாதென்று சொல்கின்றன. அது நல்லது. ஆனால் ஒரு வயலின் மடையை ஓரிரவு அளவுக்கு மேல் திறந்துவைத்தால் போகும் தண்ணீருக்கு முன்னால் வுழுத் தண்ணீர் ஒன்றுமில்லை. மஹ்ஸூர் ஓடையின் தீர்ப்பையும் மிம்பரில் சொல்லட்டும். நம்மூரில் மேலே வயல் வைத்திருப்பவர்களும் அதைக் கேட்க வேண்டும். ஏனென்றால் கல்லோயாவில் நாம் கீழே இருக்கலாம். நமது வட்டைக்குள்ளே நமக்கும் கீழே ஒருவன் காத்திருக்கிறான்.