கார்ல்டன்: ஒரு பேட்டையின் வயதமைப்பு

கார்ல்டன் என்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகரான மெல்போர்னில், நகர மையத்துக்கு வடக்கே விக்டோரியா வீதியைத் தாண்டியதும் தொடங்கும் பழைய புறநகர். நகரம் அதனைச் சூழ்ந்துகொண்டு பல மைல் அப்பால் பரவிவிட்டபடியால், புறநகர் என்னும் பெயர் இன்று வழக்கத்தை முன்னிட்டு நிலைத்திருக்கிறதேயன்றி வேறில்லை. இப்பேட்டையில் எந்தெந்த வயதினர் எத்துணைப் பேர் வசித்தனர் என்பதை ஆராய்வோர்க்கு, ஜனன மரணங்களைவிட வீடுகளும் வாடகையும் கல்விச்சாலையுமே ஓரூரின் வயதை நிர்ணயிக்கும் என்னும் உண்மை இங்கே தெளிவாகப் புலப்படும்.

வயதுவாரியாக ஆண்களை ஒருபுறமும் பெண்களை மறுபுறமுமாக அடுக்கி வரையும் படத்தை வயதுக் கூம்பு என்பர். குழந்தைகள் மலிந்த தேசத்தில் அடி பரந்த கோபுரமாகவும் மூப்படைந்த தேசத்தில் தூணாகவும் நிற்கும் அப்படம், இன்றைய கார்ல்டனுக்கு வரைந்தால் நிமிர்த்திப் பிடித்த தம்புராவைப் போலத் தோன்றும்: சிறுவர்கள் அடியில் ஒடுங்கியிருக்க, 18 வயதை எட்டியதும் குடம் சட்டென்று பருத்து, முப்பதுக்கு மேல் தண்டி மெலிந்து நெடிது போகிறது. மக்கள் யாவரையும் வயது வரிசையில் நிறுத்தினால் சரிநடுவில் நிற்பவருடைய வயது, அதாவது நடு வயது, 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியா முழுமைக்கும் 38 ஆக இருந்தபோது, கார்ல்டனில் இருபதுகளிலேயே நின்றது. ஆயினும் இந்த யௌவனம் இப்பேட்டையில் பிறந்து வளர்ந்ததன்று. ஒருவர் முப்பதை எட்டி வெளியேற, பத்தொன்பது வயதினர் ஒருவர் வந்து அதே அறையில் அதே மேஜையருகே அமர்கிறார். குடியிருப்போர் மாறினாலும் அவ்வறையின் வயது மாறுவதில்லை.

கார்ல்டனின் தொடக்கமும் வெளியூர் இளைஞரால் நேர்ந்ததே. 1851-இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், சுமார் 77,000 ஆக இருந்த அக்குடியேற்றத்தின் ஜனத்தொகை, பத்தே ஆண்டுகளில் 5,40,000 அளவுக்கு ஏறிற்று. வந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட ஆடவர். அவர்களுக்கு நகருக்குள் இடம் போதாமையினாலே, 1852-இல் நில அளவைத் தலைவர் ராபர்ட் ஹாடில் காலத்தில் வடக்கே புதிய மனைகள் அளக்கப்பட்டன. 1853-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் வடக்கெல்லையை ஒட்டிப் பொது மயானமும் திறக்கப்பட்டது. 1858-இல் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று இப்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. 1876-இல் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் வந்தது. பிறப்பதற்கும் நோய் தீர்வதற்கும் படிப்பதற்கும் புதைபடுவதற்கும் உரிய ஸ்தலங்கள் யாவும் நடந்து செல்லும் தூரத்தில் அமைந்திருந்தன என்பது வேடிக்கையான விஷயந்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் பிறந்த சிசுக்கள் மறுவாரமே நகரத்தின் நானா திசைகளுக்கும் போய்விட்டபடியால், கார்ல்டனின் வயதுக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

தங்கம் தேடி வந்த அத்தலைமுறை ஒரே காலத்தில் மணம் புரிந்து, ஒரே காலத்தில் குழந்தைகளைப் பெற்று, ஒரே காலத்தில் மூப்படைந்தது. 1853-இல் இருபத்தைந்து வயதில் கப்பலிறங்கியவனுக்கு 1893-இல் அறுபத்தைந்து. அவ்வாண்டு விக்டோரியாவின் வங்கிகள் பல கதவடைத்த ஆண்டுமாகும். நிலவியாபாரம் சரிந்து, வேலை வற்றி, வாலிபர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் புதிய தங்க வயல்களை நோக்கிப் புறப்பட்டுவிட, உழைக்க வலுவற்ற கிழவர்கள் பின்தங்கினர். 1901-இல் விக்டோரியா முதியோர் உபகாரச் சம்பளம் வழங்கத் தலைப்பட்டதற்கு, ஒருசேர மூத்துப்போன இத்தலைமுறையும் ஒரு முக்கியக் காரணம். கார்ல்டனில் பெருங்குடும்பங்களுக்கெனக் கட்டிய மாடி வீடுகள் பல, அறை அறையாக வாடகைக்கு விடும் விடுதிகளாயின.

அவ்வீடுகளின் அமைப்பைச் சிறிது சொல்லவேண்டும், ஏனெனில் பின்வந்த தலைமுறைகள் யாவற்றையும் அச்சுப்போல் வடித்தெடுத்தவை அவையே. இருபுறச் சுவரும் அண்டை வீட்டோடு பொதுவாக, தெருமுனை வரை ஒரே தொடராக நிற்கும் அவற்றின் முகப்பு மாடத்தில் பின்னல் வேலை போன்ற வார்ப்பிரும்புக் கிராதி தொங்கும். உச்சியில் சாந்தினால் கட்டிய ஆண்டு எழுதியிருக்கும். உள்ளே ஒடுங்கிய நடையும், மேலே செங்குத்தான மரப்படியும், கொல்லையில் கையகல முற்றமும், அதற்கப்பால் மலவண்டி வந்துபோவதற்காகக் கருங்கல் பாவிய சந்தும் உண்டு. புதிதாகக் கப்பலிறங்கிய இளந்தம்பதிகளுக்கு மலிவான வாடகை. குழந்தைகள் ஓடியாடும் வயது வந்ததும் போதாத இடம்.

ஆகவே ஒவ்வொரு குடியேற்றமும் ஒரே கதியை அடைந்தது. உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இங்கே திரண்டனர். அவர்களுடைய கதிமா என்னும் பண்பாட்டுச் சபை 1933-இல் லைகன் வீதியில் குடிகொண்டது. அவர்கள் செழித்துத் தெற்குப் புறநகர்களுக்குப் பெயர்ந்தபின், இத்தாலியர்கள் அதே வீடுகளில் புகுந்து, லைகன் வீதியைக் காபிக் கடைகளின் வீதியாக்கினர். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளி முடிப்பதற்குள்ளாகவே குடும்பம் வடக்கே தோட்டமுள்ள வீட்டுக்கு மாறிற்று. பாட்டன்மார் சிலர் மட்டும் தங்கிவிட்டனர்.

இதற்கிடையில் அரசாங்கம் வேறொரு விதமாகத் தலையிட்டது. நகரச் சேரிகளையும் அவற்றில் வளர்ந்த குழந்தைகளையும் படமெடுத்துக் காட்டிப் பிரசாரம் செய்த ஆஸ்வால்டு பார்னெட் போன்றோரின் முயற்சியால் 1938-இல் அமைந்த வீட்டுவசதி ஆணையம், போருக்குப்பின் தெருத்தெருவாகப் பழைய வீடுகளை இடித்து, 1960-களில் கார்ல்டனில் உயர்மாடிக் குடியிருப்புகளை எழுப்பியது. இடிபட்டவற்றுள் செம்மையான வீடுகளும் இருந்தன என்று எதிர்த்தோர் 1969-இல் கார்ல்டன் சங்கத்தை அமைத்தனர். எதிர்ப்பு நியாயமானதே; எனினும் இன்று இப்பேட்டையில் குழந்தைகளைக் காணவேண்டுமாயின் அம்மாடிகளின் அடியிலுள்ள விளையாட்டுத் திடலுக்கே செல்லவேண்டும். சோமாலியா, எரித்ரியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து அகதிகளாய் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே பந்தாடுவர். தனித்து வாழும் முதியோரும் அம்மாடிகளில் இருப்பர்.

மாணவர் பெருக்கம் பிற்காலத்தது. 1974-இல் பிரதமர் விட்லமின் அரசாங்கம் பல்கலைக்கழகக் கட்டணத்தை நீக்கியதும், பழைய தொடர்வீடுகளைப் பலர் கூடிப் பகிர்ந்து வாழும் வழக்கம் வலுத்தது. 1967-இல் தோன்றிய லாமாமா நாடக அரங்கைச் சுற்றி இளங்கலைஞர் கூட்டமும் சேர்ந்தது. 1980-களின் நடுவிலிருந்து முழுக் கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு மாணவர்களை அனுமதிக்கத் தொடங்கியபின் சீனா, மலேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோருக்காக ஸ்வான்ஸ்டன் வீதியோரம் ஒற்றையறை மாடிகள் எழுந்தன. தம்புராவின் குடம் முழுவதும் பருத்தது அப்பொழுதுதான். கல்வியாண்டு முடியும் டிசம்பரில் அக்கட்டடங்களின் வாயிலில் மெத்தையும் படிப்பு விளக்கும் கால் ஆடும் நாற்காலியும் கிடப்பதை வழிப்போக்கர் காணலாம். பிப்ரவரியில் அவற்றையொத்த சாமான்களைப் புதியவர்கள் உள்ளே சுமந்து செல்வர்.

2020 மார்ச்சில் கொள்ளைநோயை முன்னிட்டு நாட்டின் எல்லை மூடப்பட்டபொழுது, இந்த வரவு போக்கில் வரவு மட்டும் நின்றது. 2016-இல் 18,500-ஐ ஒட்டியிருந்த கார்ல்டனின் ஜனத்தொகை, 2021 ஆகஸ்டுக் கணக்கெடுப்பில் சுமார் 16,000 ஆகக் குறைந்தது. ஐந்தாண்டுக்கொருமுறை எடுக்கும் கணக்கு இப்படியொரு அசாதாரண இரவில் அமைந்துவிட்டபடியால், அவ்வெண்ணைப் பேட்டையின் இயல்பு நிலையாகக் கொள்வது பிழை.

நடு வயது என்னும் அளவையும் இங்கே எச்சரிக்கையோடு கையாளவேண்டும். மாணவர் கூட்டத்தின் பாரம் அந்த எண்ணைக் கீழே இழுத்துவிடுவதால், உயர்மாடிகளின் குழந்தைகளும் கிழவர்களும் அதில் தென்படுவதேயில்லை. இதை மட்டும் நம்பித் திட்டமிடும் அதிகாரி, பாலர் பள்ளியும் முதியோர் மருத்துவமும் இப்பேட்டைக்கு வேண்டாவென்று எளிதில் எண்ணிவிடக்கூடும்.

2023 செப்டம்பரில் விக்டோரியா அரசாங்கம், மெல்போர்னின் 44 உயர்மாடிக் குடியிருப்புகளையும் 2051-க்குள் இடித்துப் புதுப்பிக்கப்போவதாக அறிவித்து, கார்ல்டனில் ஆளின்றிக் கிடந்த இரு செங்கல் மாடிகளை முதல் வரிசையில் சேர்த்தது. அவ்விடத்தில் எழும் வீடுகளுள் ஒற்றைப் படுக்கையறை உடையவை எத்தனை, மூன்று உடையவை எத்தனை என்னும் விகிதமே, தம்புராவின் அடிப்பாகம் இனி அகலுமா ஒடுங்குமா என்பதற்கு முதற் குறியாகும்.