மலாட்டில் ஒருவர் பலரைத் தாங்கிய போர்கள்

மலாடு என்பது பெண்ணையாற்றின் கரையில் திருக்கோவலூரைத் தலைநகராகக் கொண்டு மலையமான்கள் ஆண்ட சங்ககாலச் சிறுநாடு. முள்ளூர் மலை இவர்களுக்கு உரியது. மேற்கே கல்வராயன் மலை அரணாக நிற்கும் இந்நிலத்தின் பெரும்பகுதி 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. சேர, சோழ, பாண்டியருக்கு இடையில் இவ்வளவு சிறிய நாடு எப்படி நிலைத்தது என்ற கேள்விக்குப் பாடல்கள் தரும் விடை படையின் அளவைப் பற்றியதாக இல்லை. பலரை ஒருவராக எதிர்த்து நின்றவர்களைப் பற்றியதாக இருக்கிறது.

முதல் சான்று நற்றிணை 170. அது போர்ப்பாடலே அன்று. விழாவுக்கு அழகிய விறலி ஒருத்தி வருகிறாள். தலைவியின் தோழி மற்றப் பெண்களை எச்சரிக்கிறாள்: முள்ளூரில் திரண்ட ஆரியர் மலையனின் ஒற்றை வேலுக்கு ஓடியதுபோல, நாம் எத்தனை பேர் இருந்தாலும் இவள் ஒருத்திக்கு முன் நிற்க மாட்டோம் என்கிறாள். ஊடல் பேச்சில் உவமையாக வருவதால் அந்தப் போர் அன்று எல்லோரும் அறிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும். அந்த ஆரியர் யார், எப்போது வந்தனர் என்பதைப் பாடல் சொல்லவில்லை. உவமையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் மலைநிலத்தில் இது நடக்கக் கூடியதே. குறுகிய கணவாயில் ஆயிரம் பேர் வந்தாலும் முன்னால் நின்று மோத முடிந்தவர்கள் சிலர்தாம்.

இன்று வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் (2004) போன்ற இணைய விளையாட்டுகளை ஆடும் மாணவர்களுக்கு இது புதிதல்ல. குழுவில் 'டாங்க்' ஆக இருப்பவர் எதிரிகள் அனைவரின் கவனத்தையும் தன்மேல் இழுத்து அடிகளை வாங்கிக்கொள்வார். பின்னால் இருப்பவர்கள் தாக்குவார்கள். பல எதிரிகள் ஒன்றாக வந்தால் அவர்களைச் சுவரோரமோ வாயிலிலோ ஒடுக்கி நிறுத்துவதே அவர் திறமை.

தமிழ்ப் புறத்திணை இந்த வேலையைத் தனித்தனித் துறைகளாகவே பிரித்துப் பெயரிட்டது. தொல்காப்பியம் தும்பைத் திணையில் மூன்று நிலைகளைச் சொல்கிறது. தன் வேந்தனைப் பகைவர் மொய்த்துக்கொள்ளும்போது வேறிடத்தில் போரிடும் வீரன் ஒருவன் திரும்பி வந்து அவர்களைத் தாக்குவது தார்நிலை. தன் படை உடைந்து ஓடும்போது அதன் பின்னணியாகிய கூழையை ஒருவனே தாங்கி நிற்பது எருமை. எருமைக்கடா போல இடம்பெயராது நிற்பதால் இப்பெயர் என்பர். பல படைகள் ஒருவனுக்கு உடையும்படி அவன் வாள் வீசுவது நூழில். புறப்பொருள் வெண்பாமாலையும் இத்துறைகளைத் தொடர்கிறது. இவற்றுள் எருமைதான் கடினமானது என்று தோன்றுகிறது. அங்கே வெற்றி கிடையாது, மற்றவர் தப்புவதற்கான நேரம் மட்டுமே கிடைக்கும்.

மலையமான்களைப் பற்றிய பாடல்களில் மிக நுட்பமானது புறநானூறு 125. சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும் பொருதபோது சோழனுக்குத் துணையாக நின்ற தேர்வண்மலையனை வடமவண்ணக்கன் பெரிசாத்தனார் பாடியது. வென்றவன், நம்மை வெல்லச் செய்தவன் இவனே என்கிறான். தோற்றவன், இவன் மட்டும் களத்துக்கு வராதிருந்தால் வெல்வது எளிதாக இருந்திருக்கும் என்கிறான். இரு தரப்பும் ஒரே பெயரைத்தான் சொல்கின்றன. எதிரியின் கண் முழுவதும் தன்மேல் இருக்கும்படி போரிட்டவனுக்கு இதைவிடத் தெளிவான சான்றிதழ் இல்லை. மலையமான் திருமுடிக்காரியின் துணையை வேண்டி மூவேந்தரின் ஆட்களும் வந்ததைக் கபிலர் புறம் 122இல் கூறுவதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். காரி சேரருக்காக வல்வில் ஓரியைக் கொன்று கொல்லியைக் கொடுத்தான் என்று அகநானூறு 209 கூறுகிறது.

ஆனால் இந்த நாடும் வீழ்ந்தது, அதுவும் இன்னொரு 'ஒருவனி'டம். அதியமான் நெடுமான் அஞ்சி எழுவரோடு மாறுபட்டுச் சென்று வென்றவன் என்றும், கோவலூரை அழித்தவன் என்றும் ஔவையார் புறம் 99இல் பாடுகிறார். (பாண்டியன் நெடுஞ்செழியன் தலையாலங்கானத்தில் எழுவரை எதிர்த்ததை இதுவரை கேளாத செய்தி என்று இடைக்குன்றூர் கிழார் வியந்தது புறம் 76.) அஞ்சியின் பெயர் பொறித்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981இல் திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பையில் கண்டுபிடிக்கப்பட்டது. அது போரைப் பற்றிப் பேசவில்லை. அவன் உறைவிடம் ஒன்றைக் கொடுத்ததை மட்டும் சொல்கிறது. எனினும் பகைநாட்டு எல்லையில் அவன் பெயர் இருப்பது கவனிக்கத்தக்கது.

அரசர் அல்லாதோருக்குப் பாடல் கிடைக்கவில்லை, கல் கிடைத்தது. கல்வராயன் மலைக்கு வடக்கே, பெண்ணையாற்றுக்கு அப்பால், செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால வட்டெழுத்து நடுகற்கள் ஏராளம். தொறு எனப்படும் ஆநிரையை மீட்கும் பூசலில் இறந்தவர்களுக்கு எடுத்தவை பல. சில கற்களில் வீரனின் உடலில் அம்புகள் தைத்திருப்பது செதுக்கப்பட்டுள்ளது. அம்பும் வேலும் மொய்த்ததால் உயிர் போன பின்னும் நிலத்தைத் தொடாமல் நிற்கும் உடலைத் தொல்காப்பியம் தும்பையின் சிறப்பாகச் சொல்வது இங்கே நினைவுக்கு வரும்.