சுவரை வெட்டி வளரும் உயிர்

முன்னுரை

காவிரிப் படுகையின் உழவில் வரப்புக்குத் தனியிடம் உண்டு. நீரைத் தேக்குவதும் எல்லையைக் காட்டுவதும் அதுவே. ஆயினும், அடுத்த நிலத்தையும் சேர்த்து வயலை அகலமாக்க விரும்பும் உழவர் அவ்வரப்பை வெட்டியே ஆகவேண்டும். நீர் நிற்கும் வயலில் இது பதமறிந்து செய்யவேண்டிய பணி. புது வரப்பு எழுமுன் பழையதை வெட்டினால் நீர் வடிந்து பயிர் வாடும். வெட்டவே அஞ்சினால் வயல் விரியாது. கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாவும் இதே சிக்கலுக்கு ஒவ்வொரு நொடியும் தீர்வு கண்டே வாழ்கிறது. அதற்குத் துணைநிற்கும் நொதிகளை அறிவியலார் அறிந்துகொண்ட வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணீரில் கிடைத்த நொதி

1921ஆம் ஆண்டின் இறுதியில், இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங் சளியால் வருந்தினார். தம் மூக்குச் சளியையே வளர்தட்டில் இட்டு ஆராய்ந்த அவர், அதனருகே ஒருவகைப் பாக்டீரியா கரைந்துபோவதைக் கண்டார். கண்ணீர், உமிழ்நீர், கோழிமுட்டையின் வெண்கரு ஆகியவற்றிலும் அவ்வாற்றல் இருந்தது. ஆய்வுக்குக் கண்ணீர் போதாமையால், எலுமிச்சையைப் பயன்படுத்தி உடன் பணிபுரிந்தோரின் கண்களை நீர் மல்கச் செய்தார் என்பது சுவையான செய்தி. 1922இல் அவர் உலகுக்கு அறிவித்த இந்நொதி லைசோசைம் எனப்படும். கொடிய நோய்க்கிருமிகள் பலவற்றின்மேல் இதன் ஆற்றல் செல்லாமையால் இது பெருமருந்தாகவில்லை. 1928இல் அவரே கண்ட பென்சிலின் இதன் புகழை மறைத்துவிட்டது.

ஆயினும் ஆய்வாளர் இதனைக் கைவிடவில்லை. 1965இல் டேவிட் ஃபிலிப்சும் அவர்தம் குழுவினரும் எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு லைசோசைமின் முப்பரிமாண வடிவத்தை வெளிப்படுத்தினர். நொதிகளுள் வடிவம் காணப்பெற்றது இதுவே முதலாவது. 129 அமினோ அமிலங்களால் ஆகிய இந்நொதியில் ஒரு பிளவு உண்டு. பாக்டீரியாச் சுவரின் சர்க்கரைச் சங்கிலி அப்பிளவினுள் பொருந்தி அறுபடுகிறது.

வாயில்லாப் பை

பாக்டீரியாவின் உள்ளழுத்தம் மிகுதி. அது வெடித்துவிடாமல் காப்பது பெப்டிடோகிளைக்கானால் ஆகிய செல்சுவர். நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை, அமினோ அமிலங்களாலான சிற்றிழைகள் குறுக்கே பிணைத்துள்ள வலை அது. அவ்வலை முழுவதும் ஒரே மூலக்கூறாலான பை என்று 1964இல் வைடலும் பெல்சரும் விளக்கினர்.

அவ்வாறாயின், வளர்ந்து இரண்டாகப் பிரியவேண்டிய பாக்டீரியா, எங்கும் வாயில்லாத அப்பையில் புதிய கண்ணிகளை எவ்வாறு சேர்க்கும்? பழைய கண்ணிகளை அறுத்தாலன்றி இடமில்லை என்று ஆய்வாளர் கருதினர். சுவரை அறுக்கும் நொதிகள் பாக்டீரியாவினிடத்தேயே பலவாக இருந்தமையும் தெரியவந்தது.

அவை இருமுனைக் கத்தி போன்றவை. குறுக்குப் பிணைப்புகளைக் கட்டும் நொதியைப் பென்சிலின் முடக்குகிறது என்பது 1965இல் தெளிவாயிற்று. 1970இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் தோமாஸ் குழுவினர், தன் சுவரைத் தானே அறுக்கும் ஆற்றல் ஒடுங்கிய நிமோனியாக் கிருமியை ஆராய்ந்தனர். பென்சிலின் பட்டதும் அதன் வளர்ச்சி நின்றது. ஆனால் அது உடைந்து கரையவில்லை. கட்டும் பணி நின்றபின்னும் வெட்டும் பணி தொடர்வதே இக்கிருமி கரைந்தழியக் காரணம் என்பது புலனாயிற்று.

ஐதராபாத்தில் கிடைத்த விடை

சுவர் வளர வெட்டுதல் இன்றியமையாதது என்பதை மெய்ப்பித்தல் எளிதாக இல்லை. குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவிலிருந்து அறுக்கும் நொதிகள் பலவற்றை நீக்கிய பின்னும் அது வளர்ந்தது. ஒன்றன் பணியை மற்றொன்று ஏற்றுக்கொண்டமையால் உண்மை மறைந்துகிடந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள், ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த மஞ்சுளா ரெட்டியும் அவர்தம் குழுவினரும் ஆவர். குறுக்குப் பிணைப்புகளை அறுக்கும் மெப்எஸ், மெப்எம், மெப்எச் ஆகிய மூன்று நொதிகளை அவர்கள் 2012இல் அடையாளம் காட்டினர். மூன்றும் இல்லாதபோது ஈ.கோலி பிழைக்கவில்லை, புதிய பொருள் சுவரில் சேர்வதும் தடைப்பட்டது. வெட்டினாலன்றி வளர்ச்சியில்லை என்பது இவ்வாறு உறுதியாயிற்று. மெப்எஸ் அளவு மீறாதவாறு அதனைச் சிதைத்து நெறிப்படுத்தும் ஏற்பாடும் செல்லில் உண்டு என்று 2015இல் இக்குழுவினரே காட்டினர். மதகு திறப்பதோடு மூடவும் வேண்டுமன்றோ? செல்சுவர் ஆய்வுகளுக்காக 2019ஆம் ஆண்டின் இன்ஃபோசிஸ் பரிசு மஞ்சுளா ரெட்டிக்கு வழங்கப்பட்டது.

பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் பணியாத நிலை பெருகிவரும் இந்நாளில், இவ்வாய்வு ஏட்டளவில் நிற்பதன்று. சுவர் கட்டுவதைத் தடுக்கும் மருந்துகளோடு, வெட்டும் நொதிகளைக் குறிவைக்கும் மருந்துகளையும் தேட இது வழிகாட்டுகிறது.

நிறைவாக

இவ்வரலாற்றைத் தமிழில் எழுதப் புகும்போது சொற்களின் இடர்ப்பாடு முன்னிற்கிறது. நொதித்தல் என்னும் வழக்குச் சொல்லிலிருந்து நொதி என்பதை நாம் ஆக்கிக்கொண்டோம். பென்சிலினையோ அப்படியே ஏற்றோம். பிறமொழிச் சொல் தமிழுக்குள் வரும்போது தமிழ் எழுத்தின் இயல்புக்கு இயைந்து வரவேண்டும் என்று விதி வகுத்தவர் தொல்காப்பியர். அவர் தடை விதிக்கவில்லை, மடை அமைத்தார். பத்தாண்டுகளை நிறைவு செய்யும் நம் இலக்கிய வட்டம், வரும் ஆண்டுகளில் இத்தகைய அறிவியல் வரலாறுகளுக்கும் தன் மேடையில் இடமளிக்குமாயின், தஞ்சைத் தரணியின் கல்லூரிகளில் உயிரியல் பயிலும் மாணவியர் தம் பாடத்தைத் தாய்மொழியிலும் பேசத் துணிவர்.